வட்டி கேட்காதவன்

பண்டமாரானில் இருக்கும் பவுனம்மாள், முருகன் என்கிற ஆளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு தர வேண்டும். அந்த முருகன் யார் என்று எட்டு நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இது அவள் புருஷன் கன்னையாவுக்கு எண்பத்தேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து குணபூசணி என்கிற யூனிவர்சிட்டி டீச்சர் சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். பக்கத்து வீட்டுத் தம்புசாமி வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னா கன்னையா, காரெல்லாம் வருது லா! எலெக்சன் வந்துருச்சா?"

"பவுனம்மாள் அக்கா இல்லையோ?" என்றாள் வந்தவள்.

"பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருக்கா."

கன்னையாவின் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தவள் பவுனம்மாள். ஆனால் சொன்னதை முழுப் பொய் என்றும் அவனால் நினைக்க முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரமானால் அடுப்படியில் அவளுடைய சிலிப்பர் சத்தம் கேட்கும். இடது காலை இழுத்து நடப்பவள்; சரக், சரக் என்று வரும். எட்டிப் பார்த்தால் அடுப்பு மட்டும் இருக்கும்.

"பரவாயில்லை, இருந்து பார்த்துட்டே போறேன்" என்று குணபூசணி உட்கார்ந்துவிட்டாள். கன்னையா தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து வைத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, "அவ வர மாட்டா டீச்சர்" என்றான்.

குணபூசணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்ததற்காக, வந்த காரியத்தைச் சொன்னாள். மனிலா, கொழும்பு, டாக்கா, லண்டன் என்று பல ஊரில் அவளைப் போல ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கூட்டாக இருக்கிறார்களாம். ஒரே கேள்விகளை எல்லா நாட்டுக் கூலிக்காரர் வீட்டிலும் கேட்டு, பதில்களை ஒருவருக்கொருவர் அனுப்பி, அடித்துப் பேசி, கடைசியில் அரசாங்கங்களுக்கு யோசனை சொல்வார்களாம். அடுத்த ஞாயிறு எல்லோரும் கோலாலம்பூருக்கு வருகிறார்கள்.

"அக்கா சொன்னதை வச்சுத்தான் பெரிய சண்டை. வட்டியில்லாமக் குடுக்க உள்ளூர்லயே ஆள் இருக்கு, துறைமுகத் தொழிலாளிக்குக் குறைஞ்ச வட்டி லோன் எதுக்குன்னு மனிலாக்காரர் கேக்கிறார். அப்படி ஒருத்தன் உலகத்துலயே இருக்க மாட்டான்னு லண்டன்காரர். சொல்லுங்கோ அண்ணே, இந்த முருகன் எந்தக் கடை?"

கன்னையா சிரித்துவிட்டான். பவுனம்மாள் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

"கடையா? பத்துமலையில இருக்கான் டீச்சர். குகைக்குள்ள."

குணபூசணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, முருகா! கேள்வி கேட்டு எழுத வந்த மார்க்கிரட் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. அதுக்கு நேர்த்திக்கடன் என்ன தெரியும்? எனக்காவது புரிஞ்சிருக்க வேண்டாமோ!"

துறைமுகத்தில் மூட்டை சரிந்து கன்னையாவின் கால் நசுங்கிய சமயம் அது. முழங்காலோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கால் தங்கினால் அவன் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை அப்படியே உண்டியலில் போடுவதாகப் பவுனம்மாள் வேண்டிக்கொண்டாள். கால் தங்கிவிட்டது. யாருக்காவது கடன் உண்டா, வட்டி எவ்வளவு என்று எழுத வந்த பெண் கேட்டபோது, அடுப்பை ஊதிக்கொண்டே, "முருகனுக்கு இருக்கு. வட்டி கேக்க மாட்டான், வாசல்ல வந்து கத்த மாட்டான். நல்லவன்" என்றாள். கட்டிலில் கிடந்த கன்னையாவின் காதில் இன்னும் அந்தக் குரல் இருக்கிறது. மைலோ டின்னில் அவள் சேர்த்த காசு அவளைத் தகனம் பண்ணவே போயிற்று.

"பிறகு பணம் சேரலையோ?"

"சேந்துருச்சு. தீபாவளிக்கே டின் ரொம்பிருச்சு."

"பின்னே?"

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். குணபூசணி பேச்சை மாற்ற நினைத்து, "எங்க டாக்காக்காரர் ஒண்ணு சொல்வார். காசு இருந்தும் ஒருத்தன் கடனைக் கட்டலைன்னா, அந்தக் கடன்ல அவனுக்கு ஏதோ கிடைக்குதுன்னு அர்த்தமாம்" என்றாள். சொன்னபிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஆமாம். கடன் நிற்கிறவரைக்கும் கடன்பட்டவள் வருவாள். கட்டிவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

"மனிலாக்காரர் வாயை அடைக்கணும்னா இந்தக் கடனைக் கணக்கிலிருந்து எடுக்கணும் அண்ணே. எடுக்கட்டுமோ?"

முகம் தெரியாத ஊர்களில், முகம் தெரியாத ஆட்கள் வாயில் அவள் பேச்சு கிடந்தது. எடுத்துவிட்டால் அங்கிருந்தும் போய்விடுவாள். கன்னையா வேலியைப் பார்த்தான். தம்புசாமியின் மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. வட்டிக்கு விட்டவனின் ஆட்கள் போன வாரம்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். குறைந்த வட்டிக்கு லோன் கிடைத்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

"எடுத்துருங்க" என்றான்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் ஏதோ ஹோட்டலில் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து முருகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், கன்னையா டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு பத்துமலைப் படி ஏறினான். செருப்பைக் கீழேயே விட்டிருந்தான். ஆனாலும் பின்னால் சரக், சரக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவன் நொண்டிக் காலை ஆற்ற நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய் உண்டியலில் டின்னைக் கவிழ்த்தான். நோட்டுகள் சத்தமில்லாமல் விழுந்தன. சில்லறை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே உருண்டுகொண்டிருந்தது.

இறங்கும்போது அவன் பாதச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பாதிப் படியில் நின்றான். பிறகு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒருத்தர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தான். காலி டின்னைப் பார்த்துத் தாவி வந்த குரங்கு ஒன்று, அந்த இடத்தருகே வந்ததும் தயங்கி, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயிற்று.