காலி நாற்காலிக்குக் குடை

“இந்தப் படத்துல எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று டீச்சர் கேட்டாள்.

ஒருத்தர் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. வேறு என்ன சொல்லும்? பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில், நுழைந்ததும் எதிர்ச்சுவரில் தெரிகிற ஆளுயர எண்ணெய்ச் சாயப் படம் அது. உயர்ந்த முதுகு வைத்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு நிறுவனர் உட்கார்ந்திருப்பார். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் அவருடைய கரும்புத் தோட்டம். தலைக்கு மேலே பெரிய கறுப்புக் குடை.

“அப்போ குடை தானாவே நிக்குதா?”

பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். படத்தின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, குடைக்காம்பைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது. கை மட்டும்தான், முழங்கைக்கு அப்பால் ஆள் இல்லை. மணிக்கட்டில் தங்க நிறத்தில் ஒரு வளையம் மின்னியது.

அந்தக் கை டீச்சருடைய பூட்டனுடையது, அதாவது அம்மாவின் தாத்தாவுடையது. அதை அவள் வகுப்பில் சொல்லவில்லை. இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறவள், எதை எந்த இடத்தில் அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். குத்தும்போது தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் வலிக்கும் என்பார்கள்.

அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல, விலைக்கு வாங்கப்பட்டவர்கள். வாங்கிய அன்றே தோட்டத்து முத்திரை பதித்த இரும்பு வளையத்தை மணிக்கட்டில் மாட்டிப் பட்டறையில் அடித்து இறுக்கிவிடுவார்கள். சட்டம் மாறி விடுதலை வந்த நாளில் பூட்டன் உளியால் வெட்டிக் கழற்றிய வளையம், வெட்டிய வாயோடு, இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது.

படம் வரைந்த கதையும் அந்த வளையத்தோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. ஓவியர் சாயம் குழைக்கிற நேரத்தில் நிறுவனர் எழுந்து போய்ச் சாப்பிடுவார், தூங்குவார், வந்தவர்களோடு பேசுவார். குடை மட்டும் நகரக்கூடாது. நகர்ந்தால் நிழல் மாறிவிடும். அதனால் பூட்டன் பொழுது முழுக்க வெயிலில் நின்று, ஆள் இல்லாத நாற்காலிக்குக் குடை பிடித்தார். கை நடுங்கியதற்கு அடியும் வாங்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தத் தோள் தலைக்கு மேல் உயரவே இல்லையாம்.

பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் வேறு கதை இருந்தது. ‘தம் பணியாளுக்கும் பொன் அணிவித்து அழகு பார்த்த வள்ளல்’ என்று வருஷம் தவறாமல் அச்சடித்தார்கள்.

போன வருஷம் அவள் வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு தாளாளரின் அறைக்குப் போனாள். தாளாளர் நிறுவனரின் பேரன். அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்று தன்மையாகத்தான் கேட்டாள். அவர் வளையத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்த காகிதங்கள் மேல் அதைத் தூக்கி வைத்தார்.

“தங்கமோ இரும்போ, வெறுங்கையா விடலையே எங்க தாத்தா. அந்த நன்றியாவது இருக்கட்டும், டீச்சர்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “இது இங்கேயே இருக்கட்டுமே, பேப்பர் பறக்காம இருக்கு” என்றார்.

அவள் காகிதங்களின் மேலிருந்து வளையத்தை எடுத்துக்கொண்டாள். காகிதங்கள் அறை முழுக்கப் பறந்தன. பொறுக்கிக் கொடுக்காமல் வெளியே வந்தாள். அன்றைக்குப் பற்றிய கோபம் அணையவில்லை. அணைக்க அவளும் முயற்சி செய்யவில்லை. அந்த மனிதரை ஊர் பார்க்க அந்தக் கைக்கு முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தாள். மன்னிப்புக் கேட்டு வந்தால்கூட விடுவதில்லை.

அதற்கு நாளும் தோதாக அமைந்திருந்தது. நிறுவனர் நாளன்று அந்தப் படத்தை முற்றத்து மேடைக்குக் கொண்டுவந்து, அதன் முன்னால் அதே உயர்முதுகு நாற்காலியைப் போடுவார்கள். தாளாளர் காரிலிருந்து இறங்கி மேடைக்குப் போகும்வரை, அந்த வருஷத்தின் சிறந்த மாணவர் ஒருவர் படத்தில் உள்ளபடியே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அது பெரிய கௌரவம். பெற்றோர்கள் புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். டீச்சரும் சிறுமியாக இருந்தபோது பிடித்தவள்தான். அன்றைக்குத் துள்ளிக்குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவளிடம் அம்மா அதற்கடுத்த நாள் வரைக்கும் பேசவில்லை. வளையத்தின் கதை அதன் பிறகுதான் வெளியே வந்தது.

ஆகவே அவள் பாடத்தை வரிசையாகக் கட்டினாள். முதலில் பாட்டு: கரும்பு வெட்டுகிறவர்கள் கங்காணிக்குக் கேட்கும்படி ஒன்றும், கேட்காதபடி ஒன்றுமாகப் பாடியவை. அடுத்து, தப்பித்து ஓடிவந்தவர்கள் தங்கள் கையால் எழுதிய வாழ்க்கைக் கதைகள். பிறகுதான் கூடத்தில் இருந்த இந்தப் படம். ஓவிய ஆசிரியரையும் கூட்டி வந்து, அந்தத் தங்கத்தைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னாள். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து இறங்கினார். தங்கச் சாயம் மெருகெண்ணெய்க்கு மேலே பூசியிருக்கிறது, படம் காய்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு வேறு யாரோ பூசியது, அடியில் இருப்பது கறுப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னார். டீச்சரிடம் தனியாக, “என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்கம்மா” என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியில் நையாண்டி. ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுப்பவருக்குச் சன்மானம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைப் படித்துக் காட்டி, அதே பாணியில் ‘எஜமானரைக் காணவில்லை’ என்று எழுதச் சொன்னாள். ஒரு பையன், ‘அடையாளம்: தன் செருப்பைத் தானே மாட்டத் தெரியாது. கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து அவர்களே வைத்துக்கொள்ளவும்’ என்று எழுதினான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வக்கீல் எழுதியதுதான். வக்கீல் என்பது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர். வணக்கம் சொன்னால்கூட ஏன் என்று கேட்பாள். குடை பிடித்த கை, நாற்காலியில் இருந்தவருக்குச் சொல்லும் நன்றியுரையாக அவள் எழுதியிருந்தாள். ‘ஐயா, வெயில் முழுவதையும் எங்களுக்கே விட்டுக்கொடுத்தீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? நாங்கள் தொலைந்துவிடக் கூடாதே என்று வளையம் மாட்டினீர்களே, பெற்ற தாய்க்குக்கூட அந்த அக்கறை இருந்ததில்லை’ என்று போனது அது.

தலைமை ஆசிரியர் அதை வாங்கிப் படித்தார். முப்பொழுதும் புகழுரை கேட்டே பழகிய காது அவருக்கு. ‘ஐயா’ என்பதை அடித்து ‘பெருந்தகையீர்’ என்று திருத்தி, மேடையில் படிக்கக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் உருக்கம் சேர்க்கலாம் என்று யோசனை வேறு சொன்னார்.

மிச்சம் இருந்தது குடை. டீச்சர் வக்கீலைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னாள். குடை பிடிக்கும் பொறுப்பை வாங்கித் தருகிறேன், பாதி வழியில் அவரை வெயிலில் விட்டுவிட்டு நீ மட்டும் மேடையேறிப் படி என்றாள். வளையத்தையும் எடுத்துக் காட்டினாள். பிள்ளைகளில் அந்தப் பெண்ணிடம்தான் பூட்டன் கதையை முதன்முதலாகச் சொன்னாள்.

பெண் வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் எழுதினதை நான் படிக்கிறேன் டீச்சர். குடை பிடிக்க மாட்டேன்.”

“பயமா?”

“பயமெல்லாம் இல்ல. அந்த நிறுவனர் சொன்னாருன்னு உங்க பூட்டன் பிடிச்சாரு. நீங்க சொன்னீங்கன்னு நான் பிடிக்கணுமா? உங்க கோபம் டீச்சர் அது. நீங்கதான் தூக்கணும்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஊசிக்கே ஊசி. ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போய்ப் படிக்கச் சொன்னாள்.

நிறுவனர் நாள் காலையில் வளையத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தவளை அம்மா தடுத்தாள். “துருவோடயே போட்டுட்டுப் போ. பளபளன்னு போனா வெள்ளின்னு எழுதிடுவாங்க” என்றாள். வேலை போய்விடுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டிய வாய் வழியாக மகளின் மணிக்கட்டைத் தானே உள்ளே நுழைத்தாள்.

வெயில் காய்ச்சியது. முற்றத்தின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். கார் வந்து நின்றது. குடையோடு காத்திருந்த மாணவனிடமிருந்து அதை டீச்சர் வாங்கிக்கொண்டாள். தாளாளர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“என்ன டீச்சர், நீங்களா?”

“எங்க குடும்பத்து வேலை சார்” என்றாள்.

அவருக்கு அது பிடித்துப்போனது. இப்போதாவது வழிக்கு வந்தாளே என்பதுபோல் தலையாட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள். அவர் பாட்டுக்கு வெயிலுக்குள் போய், சுட்டதும் சட்டென்று நிழலுக்குத் திரும்பினார். அவள் மறுபடி நடந்தாள், அவரும் நடந்தார். அவள் மேடைப் பக்கம் போகாமல் தன் வகுப்புப் பிள்ளைகள் நின்ற பக்கம் வளைந்தாள். நிழல் போன பக்கம் அவரும் வளைந்தார். கயிறு கட்டாமலே பின்னால் வந்தார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வாய்க்கு வாய் தாவி முற்றத்தைச் சுற்றி வந்தது.

“எங்கே கூட்டிட்டுப் போறீங்க?” என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

அவள் நின்று, மணிக்கட்டை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். சட்டைக் கை சரிந்து, துருப்பிடித்த இரும்பு வெளியே வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் பேசினாள்.

“படத்துல இருக்கிற வளையம் இதுதான். உங்க தாத்தா எங்க பூட்டனுக்கு மாட்டினது. நீங்க பேப்பர் பறக்காம இருக்க வெச்சது. தங்கமான்னு நல்லா பாத்துச் சொல்லுங்க சார்.”

தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை. குடையை மடக்கி அவர் கையில் திணித்தாள். பிடிக்காமல் விட்டால் கீழே விழும். ஊர் பார்க்க விழுமே என்று பிடித்துக்கொண்டார்.

அவள் மேடையேறினாள். படத்தின் முன்னால் உயர்முதுகு நாற்காலி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில், பூட்டன் நின்ற அதே இடத்தில் நின்று, குடை இல்லாத கையை நாற்காலிக்கு மேலே உயர்த்தினாள். பின்னால் தங்கம் பூசிய கை, முன்னால் இரும்பு போட்ட கை. இப்போது எத்தனை பேர் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் தலைகள் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தன. கூட்டத்தில் ஓவிய ஆசிரியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர் பதறிப்போய் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். அடுத்த நிகழ்ச்சி நன்றியுரை. வக்கீல் ஒலிவாங்கியைப் பிடித்து, காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, “பெருந்தகையீர்” என்று ஆரம்பித்தாள். அவர் திருத்திக் கொடுத்த சொல்லுக்கே முதல் சிரிப்பு வெடித்தது.

தாளாளர் முற்றத்தின் நடுவில், கையில் மடக்கிய குடையோடு நின்றார். மேடைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படம் முழுமையாகிவிடும். குடையை விரித்துத் தனக்குத்தானே பிடித்துக்கொண்டால் அதைவிடக் கேவலம். நன்றியுரை ஒவ்வொரு வரியாக அவர் மேல் இறங்கியது. வழுக்கை விழுந்த தலையில் வியர்வை வடிந்து கழுத்துப்பட்டையை நனைத்தது.

டீச்சருக்குத் தோள் எரிய ஆரம்பித்தது. பிறகு மரத்தது. கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள், இறக்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒருதடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். போதும் என்று கெஞ்சுகிற பார்வை. அவளும் அவரையே பார்த்தாள். போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நன்றியுரை முடிவதற்குள் அவர் திரும்பிவிட்டார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவள் கையை இறக்கவில்லை. கார் கிளம்பி, தெருமுனை திரும்புகிற சத்தமும் கேட்டு ஓய்ந்த பிறகு, மெதுவாக இறக்கினாள்.