பார்க்கப் பார்க்க விழுந்த சர்வர்

1
இந்தக் கதையை அண்ணியிடமிருந்து திருடினேன். ஆம்புலன்ஸ் அனுப்பும் அலுவலகத்தில் கணினிச் சர்வரைப் பராமரிப்பது அவர் வேலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "தம்பி, எங்க சர்வர் மெமரி நிரம்பி நிரம்பி விழுந்துடுது. ஏன்னே புரியல" என்றார். எனக்கு எழுத அரிப்பெடுத்துவிட்டது.

2
முதல் தொடக்கம்: 'அன்று சர்வர் மூச்சுத் திணறி—'

(வேண்டாம். மூச்சுத் திணறுவது மறுமுனையில் இருக்கும் மனிதருக்கு.)

இரண்டாவது: 'அது விழுந்த நேரம், ஒருவர் தன் அப்பாவுக்காக அழைத்திருந்தார்.' இது உண்மையில் நடந்தது. சர்வர் எழும்வரை, "இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டபடியே இருந்தாராம். அந்த அப்பா தப்பித்தார். அடுத்தவரும் தப்பிப்பார் என்று என்ன நிச்சயம்? அண்ணிக்கு அந்தப் பயம்தான்.

3
மேலாளரை வில்லனாக்க நினைத்து முறுக்கு மீசையெல்லாம் வைத்திருந்தேன். அண்ணி மழித்துவிட்டார். "பாவம், எங்க எல்லாரையும்விட அவருக்குத்தான் பதற்றம்."

விழும்போதெல்லாம் அவர் மெமரியைக் கூட்டிக் கொடுத்தார். பெரிய அண்டாவும் நிரம்பியது. மெமரி அளவை வரைபடமாகக் காட்டும் திரை ஒன்று முதலிலிருந்தே அவர் அறையில் இருந்தது. விழுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியட்டும் என்று, அதையே எல்லா அறைகளிலும் மாட்டினார். சர்வர் முன்னைவிட அடிக்கடி விழுந்தது.

4
அடுத்த முறை விழுந்தபோது, மெமரியில் கிடந்ததை அண்ணி அப்படியே படியெடுத்துத் துழாவினார். ஆம்புலன்ஸ் விவரங்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அந்த வரைபடத்தின் பிரதிகள்! திரை புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாக ஒன்று வரைந்து, பழையதை எறியாமல் வைத்துக்கொண்டது. விழ விழ இவர்கள் திரைகளைக் கூட்டினார்கள்.

"நாங்களே கண்ணு வச்சுட்டோம், தம்பி!"

(நான் சிரிக்கக் கூடாது. கைவிட்ட தொடக்கங்களை நானும் எறியவில்லை, மேலே கிடக்கின்றன.)

5
அண்ணி மேலாளர் அறைக்குப் போனார். "சார், சரிபண்ணி, சோதிச்சுப் போட ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் எல்லாத் திரையையும் அணைச்சிடலாம்."

"அணைச்சிட்டா, விழப்போறது எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது, சார்."

அவர் ரிமோட்டை எடுத்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

6
முடிவு ஒன்று: 'அணைத்தார். சர்வர் அதன்பின்—'

முடிவு இரண்டு: 'மனம் வராமல் தன் அறைத் திரையை மட்டும்—'

இரண்டையும் அடித்துவிட்டு அண்ணியிடமே ஓடினேன். "அப்புறம் என்ன ஆச்சு?"

"நீங்களுமா எட்டிப் பாக்குறீங்க?" என்றார், சிரிக்காமல்.

அவர் சொல்லவில்லை. தெரியாமல் எனக்கும் தலை வெடிக்கிறது. ஆனால் அலுவலக அறைகளில் எல்லாம் அணைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒருவர் தன் அப்பாவுக்காக எண்களை அழுத்திக்கொண்டிருக்கிறார். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். இந்தப் பக்கம்தான் கடைசித் திரை. மூடிவிடுங்கள்.