சர்வீசுக்குப் போய்வந்த ஊதி

வானம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. தைலக்காரி ஊதியைத் தரையில் வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் அது இருமியது. அடுத்ததில் துப்பியது. அப்புறம் என்ன நினைத்ததோ, போனால் போகிறது என்று உறுமியது. அது மனம் மாறுவதற்குள் குந்தி, இரண்டு வார்களிலும் தோளை நுழைத்து எழுந்தாள். முதுகெலும்பு கணுக்கணுவாக ஆட்சேபம் தெரிவித்தது. வழக்கம்போல அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

ஊதி என்பது இலை ஊதும் மெஷினுக்கு அவர்கள் வைத்த பெயர். எண்ணெய் கலந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு, ஆள் முதுகில் ஏறி உட்கார்ந்து, நீளக் குழாய் வழியே காற்றைக் கக்கும். சாலையில் கிடக்கும் இலையை ஓரத்துக்குத் தள்ளுவது அதன் பிறவிப் பயன். மாடி மாடியாக எழுந்து நிற்கும் அந்தக் குடியிருப்பில் மரங்களுக்கும் கார்களுக்கும் பஞ்சமில்லை. கார்கள் வெளியே கிளம்பும்போது சாலையில் ஓர் இலைகூட இருக்கக்கூடாது என்பது சட்டம். இலைமேல் ஏறினால் கார் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. இலை கிடந்தால் ஆள் என்ன ஆவார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் பாட்டுக்காரர் அப்படித்தான் ஆனார். வேலை நேரத்தில் முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருந்த மனிதர். அவருடைய ஊதி நாளுக்கு நாள் இளைத்து, கடைசியில் ஈர இலையைக் கெஞ்சிக் கேட்டு நகர்த்தும் நிலைக்கு வந்தது. காண்ட்ராக்டர் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, மெஷினில் சத்து இருக்கிறது, ஆளிடம்தான் இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார். வேலையில் எல்லாரையும் முந்தி ஓடுவதால் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கிய பையன் வாய்விட்டுச் சிரித்தான். தைலக்காரி சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

காண்ட்ராக்டருக்கு முதுகுக்குப் பின்னால் 'குடும்பம்' என்று பெயர். வேலைக்குச் சேர வந்த ஒவ்வொருவரிடமும், இங்கே முதலாளி தொழிலாளி என்ற பேச்சே கிடையாது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். குடும்பத்துக்கு ஒரே ஒரு விதி: அவரவர் மெஷின் அவரவர் பொறுப்பு. மெஷின்களில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார். ஒருவர் மெஷினை இன்னொருவர் தொட்டால் அன்றே கணக்கு முடிந்தது.

இன்று தைலக்காரியின் முறை. நேற்றுப் போகும்போது குடும்பம் அவளைக் கூப்பிட்டு, நாளைக்குக் கார் கிளம்புவதற்குள் உன் பகுதி முடியவில்லையென்றால் மறுநாள் வரவேண்டாம் என்று பாசத்தோடு சொல்லியிருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த புருஷன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறான். சம்பாதிப்பது இவள் ஒருத்திதான். தைலப் புட்டியில் பாதி அவன் இடுப்புக்கு, மீதி இவள் முதுகுக்கு. பெயர்க் காரணம் அதுதான்.

விசையை அழுத்தினாள். சும்மா இருக்கும்போது நன்றாக உறுமுகிற மெஷின், வேலை என்றதும் தொண்டை கட்டியதுபோல் கம்மியது. குழாய் முனையில் இலைகள் கொஞ்சம் அசைந்து, பிறகு யோசித்து, அங்கேயே கிடந்தன. இன்னும் அழுத்தினாள். சூடு ஏறியது. எரிந்த எண்ணெய் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.

சாலையின் மறுபக்கம் எக்ஸ்பிரஸ் பாதியை முடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்னக்கா, இலைக்கு விசிறி விடுறியா? பாவம், வேர்க்குதோ என்னவோ."

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

"நான் பாத்துட்டேன். நீதான் பாக்கல."

முந்தாநாள்தான் குடும்பம் அவன் ஊதியைச் சர்வீசுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவந்திருந்தார். திரும்பி வந்ததிலிருந்து சத்தம் குறைந்திருக்கிறது, புலி பதுங்குகிற மாதிரி என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். அவளுடையதும் சர்வீசுக்குப் போய் வந்ததுதான். வந்த புதிதில் அதுவும் பதுங்கத்தான் செய்தது. இப்போது படுத்தேவிட்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை முழுக்க அழுத்தினாள். இடுப்பின் வலது பக்கம் சுருக்கென்றது. முதலில் தசைப்பிடிப்பு என்றுதான் நினைத்தாள். அடுத்த நொடி சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. வாரைக் கழற்றக் கை வரவில்லை. அவள் கத்தவுமில்லை. "எடுடா, எடுடா" என்று மட்டும் பல்லுக்குள் சொன்னாள்.

எக்ஸ்பிரஸ் தன் மெஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாரை அவிழ்த்தான். ஊதியின் பிளாஸ்டிக் உறை சைலன்சர் பக்கமாக மெழுகு போல இளகித் தொங்கியது. அவள் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. அவன் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். சிரிப்பைக் காணோம்.

பக்கத்துப் பகுதியிலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். ஒருவர் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்கிற பயந்தாங்கொள்ளி. மற்றவன் போன மாதம் கல்யாணமாகி, அன்று முதல் நின்றுகொண்டே தூங்கும் மாப்பிள்ளை.

தைலக்காரி ஈரத்துணியை இடுப்பில் அழுத்திக்கொண்டு, மெஷினைத் திறங்கடா என்றாள். பயந்தாங்கொள்ளி வேண்டாம் என்றார். திறக்காமல் விட்டால் நாளைக்கு நான் இல்லை, நாளை மறுநாள் நீ இல்லை என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, அதுவும் வேண்டாம் என்றார்.

திறந்தார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றான் மாப்பிள்ளை. எல்லாரும் ஒரே கேனிலிருந்துதானே ஊற்றினோம் என்றான் எக்ஸ்பிரஸ். காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுவரில் தட்டினார்கள். புழுதி பறந்தது. மாட்டி ஓட்டினால் அதே கம்மல். பிளக்கைக் கழற்றினார்கள். முனை கரியும் எண்ணெயுமாக இருந்தது. துடைத்துப் போட்டார்கள். மெஷின் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்புரேட்டர் திருகைத் திருகினார்கள். அது உள்ளதும் போய் அணைந்தது. பழையபடி திருகி வைத்தார்கள்.

"உன் பிளக்கைக் கழட்டு," என்றாள் தைலக்காரி.

எக்ஸ்பிரஸ் தன் மெஷினைப் பார்த்தான். அதிலிருந்த சிவப்புப் பெயின்டைப் பார்த்தான். விதி மீறல். பிறகு அவள் இடுப்பைப் பார்த்தான். கழற்றினான்.

அவன் பிளக் அவள் மெஷினுக்குப் போயிற்று. கம்மல் தீரவில்லை. அவளுடைய கரிபிடித்த பிளக் அவன் மெஷினில் ஜம்மென்று ஓடியது. வடிகட்டிகளை மாற்றிப் போட்டார்கள். அப்போதும் அவள் மெஷின்தான் நொண்டியது. ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, குற்றவாளிக் கூண்டில் நின்றவை எல்லாம் விடுதலையாகி வெளியே வந்தன.

மாப்பிள்ளைதான் தூக்கக் கலக்கத்தில், சைலன்சர் வாயருகே கையை நீட்டிப் பார்த்தான். எக்ஸ்பிரஸின் மெஷின் கையைத் தள்ளியது. இவள் மெஷினிலோ கடைசி மூச்சு விடுகிறவர் மூக்கில் விரல் வைத்தது போலிருந்தது. உள்ளே எரிந்த புகை வெளியே வந்தால்தான் புதுக் காற்று உள்ளே போகும். இது பழைய மூச்சையே அடக்கிக்கொண்டு வெந்துகொண்டிருந்தது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, சைலன்சர் மூடியின் திருகுகளைக் கழற்றினார்கள். உள்ளே கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. குச்சியால் நோண்டி வெளியே இழுத்தார்கள். கரியும் எண்ணெயும் ஏறிக் கெட்டிப்பட்டிருந்த அதைத் தரையில் தட்டியபோதுதான் தைலக்காரிக்கு அடையாளம் தெரிந்தது. தினமும் இரவு அவள் கையில் இருக்கிற சாமான்தான்.

"பாத்திரம் தேய்க்கிற கம்பி நாருடா இது."

எக்ஸ்பிரஸ் போய்த் தன் மெஷினின் மூடியைத் திறந்தான். அதிலும் இருந்தது. கடையிலிருந்து வாங்கிவந்த பளபளப்பு இன்னும் போகவில்லை. புலி பதுங்கிய ரகசியம் அதுதான். இன்னும் சில நாளில் அதுவும் கரியாகும். அவனும் பாட்டுக்காரர் போன வழியே போவான். சிரிப்பதற்கு யாராவது மிச்சம் இருந்தால் சிரிப்பார்கள்.

"பாட்டுக்காரர் மெஷினும் சர்வீசுக்குப் போச்சுதானே," என்றான். அதை அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. மாப்பிள்ளை தன் மெஷினின் திருகுகளைக் கழற்றப் போனான்.

குடும்பம் வந்து இறங்கியபோது சாலை முழுக்க இலை. நான்கு மெஷின்களும் வரிசையாகத் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கம்பி நார். பயந்தாங்கொள்ளியுடையதும் அதில் சேர்த்தி. வேண்டாம் வேண்டாம் என்றவரே கடைசியில் கழற்றி வைத்திருந்தார்.

குடும்பம் முதலில் வெந்த இடுப்பைப் பார்க்கவில்லை. இலைகளைப் பார்த்தார். பிறகு, யார் மெஷினை யார் தொட்டது என்றார்.

"எல்லார் மெஷினையும் எல்லாரும் தொட்டோம், சார்," என்றாள் தைலக்காரி. "நீங்க உள்ள திணிச்சிருந்தது வெளிய வந்துச்சு."

குடும்பம் குரலைத் தாழ்த்தினார். மூன்றாவது மாடிக்காரருக்குச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதாம். புகார்மேல் புகாராம். சத்தமில்லாத புது மெஷின் வாங்குவது என்ன லேசா? குடும்பம் என்றால் நாலும் இருக்கும், வெளியே சொல்லலாமா?

"ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பிச்சா யார் தூக்கமும் கெடாதே?"

"அடுத்த சைட்டுக்கு எப்பம்மா போறது?"

"அப்போ அவர் தூக்கத்துக்கு என் தோலா?"

"மருந்து போட்டா ஆறிடும். இதையெல்லாம் பெருசு பண்ணாத." பிறகு எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பித் தோளில் கைபோட்டார். "உன்னைத்தான் சூப்பர்வைசரா போடணும்னு நினைச்சிட்டிருந்தேன், தம்பி. எடுத்து மாட்டு. இவங்களும் மாட்டுவாங்க."

எக்ஸ்பிரஸைப் பற்றித் தைலக்காரிக்குத் தெரியும்: முந்த இடம் கிடைத்தால் விடமாட்டான். அவனோ அவர் கையைத் தோளிலிருந்து எடுத்தான். ஈ ஓட்டுகிற மாதிரி அல்ல, தெருவில் யாரோ தவறவிட்ட பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல, மரியாதையாக.

"நீங்க மாட்டுங்க, சார். நாரோட மாட்டுங்க. உங்க குடும்ப மெஷின்தானே."

குடும்பத்துக்கு முகம் சிவந்தது. ஆளில்தான் கோளாறு என்று நிரூபிக்கும் ஆவேசத்தில், தைலக்காரியின் மெஷினில் அந்தக் கரிக்கட்டியை அவரே திணித்து, மூடி, கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது இரக்கப்பட்டு ஓடியது. முதுகில் ஏற்றிக்கொண்டு விசையை அழுத்தினார். ஓர் இலை புரண்டு, யாரென்று பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்தது.

மாப்பிள்ளை சிரித்தான். அவன் விழித்திருந்து அவர்கள் பார்த்ததே அன்றுதான். சூடு ஏறியதும் குடும்பம் துள்ளிக்கொண்டு வாரை அவிழ்த்தார். அவருக்குக் கழற்றிவிட ஆள் தேவைப்படவில்லை. சுடுகிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

நான்கு பேரும் தங்கள் கோரிக்கையைச் சொன்னார்கள். நார் இல்லாத மெஷின் வேண்டும். பாட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். வெந்த இடுப்புக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் கயிற்றை இழுக்கப்போவதில்லை. குடும்பம் தள்ளிப் போய் போனை எடுத்தார். வேறு ஆட்களை வண்டியில் ஏற்றி உடனே அனுப்பச் சொல்லி அவர் கத்தியது அவர்கள் காதுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றே கத்தினார்.

மூன்றாவது மாடியில் ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன, இன்னிக்குச் சத்தத்தையே காணோம் என்று எரிச்சலோடு கேட்டார். சத்தம் இல்லாமலும் அவருக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

முதல் கார் இலைகளை நசுக்கிக்கொண்டு வெளியே போயிற்று. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்கு பேரும் சாலையோரக் கல்வரிசையில் உட்கார்ந்தார்கள். எதுவும் கிடைத்துவிடவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாது. பயந்தாங்கொள்ளி மெதுவாகக் கேட்டார்:

"வண்டியில வேற ஆளுங்க வந்துட்டா?"

தைலக்காரி பளபளத்த நார் ஒன்றையும் கரியேறிய நார் ஒன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரட்டும். இதைக் காட்டுவோம். இடுப்பையும் காட்டுறேன். வர்றவங்களுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குமில்ல."

வளாகத்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இதுவரை யாருக்கும் வழி விட்டுப் பழக்கமில்லாத எக்ஸ்பிரஸ், கல்லின்மேல் கிடந்த இலைகளைக் கையாலேயே தள்ளிவிட்டு, வருகிறவர்கள் உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.