நாற்பத்தொரு ஓட்டு

தீபாவின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை, அதற்குள் அதன் பேரில் ஒரு தேர்தல் வந்துவிட்டது. நடத்தியவன் அவள் புருஷன் கவின்ராஜ். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். நாலு பேர் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு நட்டுகூட நகராதாம். வீட்டிலும் அதே கதைதான். குளியலறைக்குப் பச்சை வாளியா நீல வாளியா என்று முடிவாகவே மூன்று நாள் பிடித்தது.

முப்பத்து நாலாவது வாரம். டாக்டர் மானஸா தெளிவாகத்தான் சொன்னார்.

"டிடாப்னு ஒரு ஊசி. இருபத்தேழுலேருந்து முப்பத்தாறாவது வாரத்துக்குள்ள போட்டுக்கறது நல்லது. இருமல் வியாதி ஒண்ணு இருக்கு, பச்சக் குழந்தைக்கு வந்தா மூச்சே நின்னுடும். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனப்புறம்தான் ஊசி ஆரம்பிப்போம். அது வரைக்கும் நீங்க போட்டுண்டதுதான் அதைக் காப்பாத்தும். அர்த்தம் ஆய்த்தா?"

அந்தக் கன்னடக் கேள்வி தீபாவுக்கு நன்றாகவே அர்த்தமானது. அங்கேயே கையை நீட்டிவிட்டாள். கவின்ராஜ்தான் குறுக்கே விழுந்தான்.

"ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றோங்க மேடம்."

வீடு என்றால் என்ன நினைத்தீர்கள்? மார்டள்ளியிலும் கொள்ளேகாலிலும் குண்டலுபேட்டையிலும் சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு பேர் அடங்கிய வாட்ஸ்அப் குழு. அன்று சாயங்காலமே அதில் கேள்வி விழுந்தது. 'தீபாவுக்கு டிடாப் ஊசி போடலாமா?' போடலாம், வேண்டாம், பெரியவங்க சொன்னாச் சரி என்று மூன்று பதில் வேறு. டிடாப் என்றால் எந்த நோய்க்கு என்று அவனும் எழுதவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. அதெல்லாம் தெரிந்துகொண்டா ஓட்டுப் போட முடியும்?

வெங்காய மண்டி மாதப்பன் மாமா குண்டலுபேட்டையிலிருந்து இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினார். "எங்கம்மா ஒம்போது பெத்தா. ஒரு ஊசியக் கண்ணுல பாத்திருப்பாளா?" ஒன்பதில் எத்தனை தங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை. பெங்களூரு யுவன், நீலக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கத்துகிற வீடியோவை அனுப்பினான். அவர் என்ன பாஷையில் கத்துகிறார் என்று அவனுக்கே தெரியாது. சித்தையன் பெரியப்பா, இது கம்பெனிக்காரன் சதி என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

பிரசவத்துக்கென்று மார்டள்ளியிலிருந்து மாமியார் மாதேவியோடு வந்து இறங்கியிருந்த மாமனார் ரத்தினசாமியும் 'வேண்டாம்' கட்சி. போன மாதம் கோமாரி ஊசி முகாமுக்குத் தன் சினை மாட்டை ஓட்டிக்கொண்டு விடியுமுன்னே வரிசையில் முதல் ஆளாக நின்ற மனுஷன் அவர்.

"மாட்டுக்குப் போட்டீங்களே மாமா?" என்றாள் தீபா.

"மாடு வேற, மனுசன் வேற அம்மிணி" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. மூன்று வாரமாக இருமுகிறார். கேட்டால் பஸ் தூசியாம்.

காலையில் எண்ணிப் பார்த்தால் வேண்டாம் முப்பத்தொன்று. போடலாம் நாலு. மிச்சம் ஆறு பேர் பெரியவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீபாவுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகைகூட வந்தது. தானே போய்ப் போட்டுக்கொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நாளைக்குப் பிள்ளை ஒரு தும்மல் போட்டாலும் அந்த ஊசியால்தான் என்று நாற்பத்தொரு வாயும் ஆயுசுக்கும் சொல்லும். கையில் இருப்பதோ இரண்டே வாரம். மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

தீபா போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டில் குழந்தையைத் தூக்குகிறவர்களும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். தீபா அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. உங்க இஷ்டப்படியே நான் ஊசி போட்டுக்கலீங்க. அதுக்குப் பதிலா, குழந்தையத் தூக்க வர்ற அத்தனை பேரும் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே அந்த ஊசியப் போட்டுக்கோணும். சனிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் கிளினிக்குக்கு வந்துருங்க, மொத்தமாப் போட்டுக்கலாம். வர்றவங்க பேர இவரு லிஸ்ட் எடுக்கறாரு."

அட அட அட! அரை மணி நேரத்தில் கட்சி மாறினார்கள் பாருங்கள். முதலில் மாறியவர் மாதப்பன் மாமா. "புள்ளைக்கு நல்லதுன்னா நீயே போட்டுக்க அம்மிணி. எனக்குச் சக்கரை இருக்குது." யுவனின் வீடியோவைக் காணோம். சித்தையன் பெரியப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து 'போடலாம்' என்று அமுக்கிவிட்டு மறுபடி படுத்தார். கடைசியில் நாற்பத்தொன்றும் ஒரே பக்கம்.

"பாத்தியா, ஒருமனதா வந்திருச்சு!" என்று கவின்ராஜ் போனைத் தூக்கிக் காட்டினான். அவன் எடுத்த லிஸ்டில் ஒரு பேர்கூட விழவில்லை.

சனிக்கிழமை மானஸாவின் கிளினிக்கில், புருஷனும் மாமனார் மாமியாரும் கூட நிற்க, தீபா ஊசி போட்டுக்கொண்டாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தாள்.

"வீட்ல குழந்தையோட யார் யார் இருக்கப் போறேள்?" என்றார் டாக்டர்.

ரத்தினசாமி சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் படிக்கத் தொடங்கினார். கவின்ராஜ் செருப்பைத் தேடினான். மாதேவிதான் அதுவரை ஒரு மூலையில் நின்றவள் கேட்டாள்.

"இது எந்த நோவுக்குக் கண்ணு?"

"கக்குவான் இருமலுக்குங்க அத்தை."

மாதேவி ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ற மூத்த புள்ள அதுலதான் போச்சு. முப்பத்தெட்டு நாளுப் புள்ள. இருமிக்கூடத் தெரியலீங்க அதுக்கு. மூஞ்சி நீலமாப் போய், மடியிலயே மூச்சு நின்னுபோச்சு."

கவின்ராஜுக்கு அக்கா ஒருத்தி பிறந்து இறந்தது தெரியும், எதில் என்பது தெரியாது.

"ஏம்மா, இத்தனை நாளும் நீ ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எங்கிட்ட எப்பச் சாமி ஓட்டுக் கேட்ட?"

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவள் எந்தக் குழுவிலும் இல்லை.

மாதேவி ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். காலண்டர் படித்துக்கொண்டிருந்தவரின் தோளைப் பிடித்து அதே ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"அன்னைக்கும் இந்த மனுசன் இப்படித்தானுங்க இருமிக்கிட்டே புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனாரு. மொதல்ல இந்த இருமல் என்னன்னு பாருங்க. பாத்துட்டு ஊசியக் குத்துங்க."

ரத்தினசாமிக்கு அப்போதும் இருமல்தான் வந்தது. தூசி என்று மட்டும் அவர் சொல்லவில்லை.