ஏழு யன்னல் வீடு

சண்முகலிங்கம் அண்ணை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஏரிக்கரையில் தனி வீடு, ஏழு கண்ணாடி யன்னல், சுற்றிவரப் பைன் மரங்கள் என்று எழுதியிருந்தார். எல்லாம் உண்மைதான். அந்த வீட்டுக்கு இரண்டு சக்கரம் உண்டு, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகலாம் என்பதை எழுத மட்டும் மறந்துபோனார்.

நான் பக்கத்துக் கரவனில் இருந்தேன். 1986 தை மாதம். அகதி முகாம்களில் இடம் போதாமல், எங்களில் முப்பது பேரை டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வெளியே, கோடையில் டெனிஷ்காரர் விடுமுறைக்கு வரும் இடத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கோடைக்கென்று செய்த பெட்டிக்குள் மாரிக் குளிரைக் கழிக்கவேண்டும். விடிய எழும்பினால் யன்னலின் உட்பக்கத்தில் ஐஸ் பிடித்திருக்கும்.

அப்போதுதான் ராசமலர் அக்காவின் பதில் வந்தது. இரண்டு கிழமையில் கிழக்கு பெர்லின் வழியாக வருகிறாராம். வீட்டுக்குள்ளும் குளிர் என்றால் ஒரு நாளும் இருக்கமாட்டாராம், லண்டனில் இருக்கும் தமையனிடம் போய்விடுவாராம். அண்ணை இதை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். ஒன்றரை வருடமாக மனைவியைக் காணாத மனிதர். மூன்றாம் தரம் வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

யன்னல்களுக்குக் குளிர் காப்புப் போடுவதென்று முடிவாகியது. எங்கள் ஆட்கள் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கூட்டம் வைத்துத்தான் அடிப்பார்கள். தலைவர், செயலாளர், இரண்டு உபதலைவர்கள் தெரிவானார்கள். தலைவர் இராசரத்தினம் ஓவசியர். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் அரசாங்கக் கட்டடங்களை மேற்பார்த்தவர். பனியைக் கண்டு மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனால் அதைப்பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"வெக்கையைத் தடுக்கிறதும் குளிரைத் தடுக்கிறதும் ஒரே வேலைதான், தம்பி" என்றார்.

யன்னலுக்குப் பழைய பத்திரிகை நாலு மடிப்பு, அதற்குமேல் வெள்ளித்தாள் என்று தீர்மானித்தார்கள். தாளின் மினுங்கும் பக்கம் உள்ளேயா வெளியேயா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. கோண்டாவிலில் தன் வீட்டுத் தகரக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிய கதையை ஓவசியர் எடுத்துவிட்டார். வெளியே என்று முடிவாகியது. தை மாதத்துச் சில்க்போர்க்கில் எந்த வெயிலைத் திருப்பி அனுப்பப் போகிறோம் என்று நான் கேட்டேன். என் கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

இடத்தைப் பார்த்துக்கொண்ட டெனிஷ்காரக் கிழவர் கண்ணாடிபோன்ற பொலித்தீன் சுருள் ஒன்று கொண்டுவந்தார். கண்ணாடிக்கும் இதற்கும் இடையில் விரல் அகலம் இடைவெளி விட்டு, சட்டத்தில் இழுத்து ஒட்டினால் போதும், குளிர் நிற்கும், வெளிச்சம் வரும் என்று கையால் காட்டினார். ஓவசியர் சிரித்தார். அந்தப் பக்கம் தெரிகிற சாமான் குளிரை எப்படி மறிக்கும் என்றார். சுருள் கட்டிலுக்குக் கீழே போனது. காஸ் அடுப்பு எரிகிற இடம் என்பதால் கூரைத் துவாரத்தை மட்டும் கிழவர் மூடவிடவில்லை, கதவடியிலேயே காவல் நின்றார்.

ஏழு யன்னல்களும் ஏகமனதாக மூடப்பட்டன என்று செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதினார்.

ராசமலர் அக்கா ஒரு நண்பகலில் வந்து இறங்கினார். சக்கரங்களைப் பார்த்தார், பெட்டியோடு உள்ளே ஏறினார். உள்ளே சூடு இருந்தது. நடுப்பகலில் மின்குமிழும் எரிந்தது. ஓவசியர் வரவேற்புரையை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினார்.

"எங்கை அந்த ஏழு யன்னலும்?" என்று அக்கா கேட்டார்.

அண்ணை சுவரைக் காட்டினார். அக்கா பெட்டியை வைத்துவிட்டு, அருகிலிருந்த வெள்ளித்தாளை நகத்தால் கிளப்பி ஒரே இழுவையில் கிழித்தார். பத்திரிகை ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. அதற்குப் பின்னால் எங்கள் மூச்செல்லாம் ஐஸாகி நின்றது. சேலைத் தலைப்பால் அதைத் தேய்த்தார். ஏரியின் வெளிச்சம் உள்ளே வந்து அண்ணையின் முகத்தில் விழுந்தது. அக்கா ஏரியைப் பார்க்கவில்லை. மெலிந்து, அரைவாசி நரைத்துப்போன அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த யன்னலை நம்பித்தான் வந்தனான்" என்றார். "அதையும் மூடிப்போட்டியளே."

அண்ணை அழுதார். கூட்டம் வைக்காமலே எல்லோரும் வெளியேறினோம். பின்னேரம் பார்த்தபோது ஏழு யன்னலிலும் கிழவரின் பொலித்தீன் இழுத்து ஒட்டியிருந்தது.

மறுநாள் தபாலில் போடச் சொல்லி அக்கா ஒரு விமானக் கடிதம் தந்தார். விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும் என்றார். லண்டன் தமையனுக்கு. மடிப்பதற்கு முன் ஒரு வரி என் கண்ணில் பட்டுவிட்டது.

"குளிர் அப்படி ஒன்றும் இல்லை, அண்ணை. ஏரிக்கரையில் தனி வீடு. ஏழு கண்ணாடி யன்னல்."

சக்கரத்தை அவரும் மறந்துபோயிருந்தார்.