வாய் வழியே போன சீனி

பலீல் உக்குவளையில் ரேடியோ திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத மனிதர். மூன்று வயது மகள் றமீஸாவை மட்டும் கழற்றிப் பார்க்க முடியவில்லை. பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து அவளுக்குச் சீனி வருத்தம், சாப்பாட்டுக்கு முன்னால் நாளுக்கு மூன்று இன்சுலின் ஊசி. போடுகிறவர் பலீல்தான்.

2007 நோன்பு மாதத்தில், பரிசோதனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய அவள் இரத்தத்துக்குப் பதில் வந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் மூடாமலே கிடக்கிறதாம். அதனால் கலத்தில் மின்சாரம் ஏறுவதில்லை. ஒரு மாத்திரை அதை மூடக்கூடும்.

"வயித்துக்குள்ள கரண்டா?" என்று பலீல் வாயைப் பிளந்தார்.

மாத்திரை தொடங்கி, ஊசியை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அன்று பிற்பகல் நரம்பு வழியே சீனி ஏற்றினார்கள். ஏறியது இறங்கவே இல்லை. ஆறு மணிக்கும் இரத்தத்தில் சீனி இருநூற்றெழுபது.

"ஏழரைக்குப் பார்ப்போங்க. குறையலைன்னா திரும்ப ஊசிதான். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் குடுத்துறாதீங்க" என்றார் டொக்டர் சந்திரகாந்தா. பலீல் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்குப் பார்த்தால் நூற்றைம்பது. டொக்டர் மறுபடியும் குத்திப் பார்த்தார். அதே நூற்றைம்பது.

"என்ன குடுத்தீங்க?"

றமீஸாவின் உம்மா மஸூதா முந்தானையைக் கடித்தாள். "எல்லாரும் நோம்பு தொறக்கக்குள்ள புள்ள வாயப் பாத்துக்கிட்டே இருந்திச்சு. மூணு கரண்டி கஞ்சிதான் டொக்டர்."

"மூணு கரண்டியா?"

"ஒரு கோப்பை."

ஏசப்போகிறார் என்று பலீல் எழுந்து நின்றார். டொக்டரோ சிரித்துவிட்டார்.

"குடல்லயும் கரண்ட் ஏறுற கலங்கள் இருக்குங்க. சீனி உள்ள போகையில சோடியத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதுல கரண்ட் ஏறி, கல்சியம் வாசல் தொறந்து, ஒரு ஹோர்மோன் வெளிய வரும். அதுதான் கணையத்த உசுப்புது. நரம்பு வழியா ஏத்தின சீனி குடலத் தொடவே இல்லையே!"

"அப்ப மாத்திரை?"

"அது கணையத்துல வாசல மூடிருச்சு. அது மட்டும் போதலை. குடல் அனுப்புறதும் வேணும்."

"அப்ப ரேடியோவுல சத்தத்தக் கூட்டுற மாதிரி, கணையத்துக்கு முன்னால ஒரு அம்ப் வச்சிரிக்கி!" பலீலுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கலங்கள் எத்தனை, கரண்ட் எவ்வளவு என்று டொக்டரைத் துளைத்தெடுத்துவிட்டார்.

எட்டு மணிக்குச் சோறு வந்தது. பலீல் பிசைந்து ஒரு வாய் நீட்டினார். றமீஸா வாயைத் திறக்கவில்லை.

"ஊசி போடல்லயே வாப்பா. தின்டா ஏசுவீங்களா?"

"இல்ல மகள். சும்மா தின்னுங்க."

றமீஸா வாயைத் திறந்தாள்.