தேனீக்கு மேல் விழுந்த நிழல்

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று சும்மா சொல்வார்கள். என் அக்கா நிஜமாகவே அப்படி. ஆனால் அவளுக்கு வாய்த்த வேலை தேனீக்களைச் சாகவிட்டுப் பார்ப்பது. பயிருக்கு அடிக்கும் மருந்து தேனீயை என்ன செய்கிறது என்று சோதிக்கும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. வட்டமான கண்ணாடித் தட்டில் தேனீயை விட்டு, மருந்து கலந்த சர்க்கரைத் தண்ணீர் வைப்போம். மேலே கேமரா. தேனீ போகிற இடமெல்லாம் திரையில் ஒரு பச்சைக் கட்டம் கூடவே போகும். அது என்ன செய்கிறது என்று கட்டத்தின் மேல் கணினியே எழுதும்: நடை, உணவு, ஓய்வு, சாவு.

கணினிக்கு அதைப் பழக்கியவள் அக்கா. வீடியோக்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஊட்டினாள். பக்கத்து மேஜையில் புரோகிராம் எழுதுகிறவள் நான்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று என்று கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "பயப்படாதீங்கம்மா, நல்லா ஓய்வெடுக்கிறாங்க" என்றாள் நர்ஸ். அப்போதே அக்காவின் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவள் வேலையும் என் தலையில் விழுந்தது. உடனே கணினிக்குப் புத்தி பிசகியது. தேனீ கால்களை மேலே தூக்கிக்கொண்டு விறைத்துக் கிடக்கும். திரையில் 'ஓய்வு' என்று வரும்.

"செத்த தேனீ ஓய்வெடுக்குதாம்! பென்ஷனும் குடுத்துரலாமா?" என்று கத்தினார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நர்ஸின் குரல் கேட்டது.

ஒரு மதியம் தட்டின் விளிம்பைத் துடைக்கக் கை நீட்டினேன். உள்ளே நல்ல தேனீ, ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்குக்குக் குறுக்கே வந்த என் கையின் நிழல் அதன்மேல் விழுந்தது. திரையில் 'சாவு'. கையை எடுத்தேன், 'நடை'. மறுபடி வைத்தேன், 'சாவு'.

அக்கா பெயர் ஒட்டிய பழைய வீடியோக்களைத் திறந்தேன். சாவு என்று அவள் குறித்த ஒவ்வொன்றிலும் தேனீயின்மேல் ஒரு கை நிழல். மோதிர விரல் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய அக்காவின் விரல் அது. தேனீ துடிக்க ஆரம்பித்ததும் அவள் கையைக் கொண்டுபோய்த் துணைக்கு இருப்பதுபோலத் தட்டின்மேல் வைத்திருக்கிறாள். கடைசித் துடிப்பு அடங்கும்வரை எடுக்கவே இல்லை. கணினி தேனீயைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்திருக்கிறது. கை வந்தால் சாவு, வராமல் தேனீ அசையாது கிடந்தால் ஓய்வு. அவ்வளவுதான் அது கற்றுக்கொண்டது.

தலைவியிடம் காட்டினேன். அவர் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "பாவம்தான், அதுக்காக வச்சிக்க முடியுமா? எல்லாத்தையும் அழிச்சிரு. புதுசா எடு. தட்டுப் பக்கமே போகாத" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அழித்தேன். கணினிக்குள் பழைய பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. புது வீடியோக்களை ஊட்டினால் அதுவும் போய்விடும்.

முதல் தேனீயை விட்டேன். குடித்தது. தடுமாறியது. மல்லாந்து விழுந்து கால்களை உதறியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதறல் மெல்ல மெல்லக் குறைந்தது. திரையில் 'ஓய்வு' என்று வந்தது.

கை தானாகவே போனது. தேனீயின்மேல் நிழல் விழுந்தது. மோதிர விரல் நேராகத்தான் இருந்தது. கொஞ்சம் வளைந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

"நிழல் விழுது பாரு, கைய எடு!" என்று அடுத்த அறையில் தன் திரையைப் பார்த்துத் தலைவி சத்தம் போட்டார்.

"இன்னும் உசுரு இருக்கு மேடம். போனதும் எடுக்கிறேன்."